திண்ணையிலிருந்து தெருவுக்கு

நுழையும்முன்

ஒரு நோயைத் தீர்க்க இயலாது என்று மருத்துவம் கூறிய பிறகும் மனிதரின் வாழ்க்கை தொடர்கிறது. பார்வையை இழந்தவர் எஞ்சிய வாழ்நாளைப் பிறரைச் சார்ந்து கழிப்பாரா, தாமே நடத்துவாரா என்பது அவர் பெறும் பயிற்சியைப் பொறுத்தது. அப்பயிற்சியை வழங்கும் தொண்டு நிறுவனங்களின் பணியையும், அதில் நம் பங்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அன்பு செய்யும் பிழை

தருமபுரி மாவட்டம் மலையும் மேட்டு நிலமும் நிறைந்தது. பென்னாகரத்தின் கேழ்வரகுக் கொல்லைகளும் பாலக்கோட்டின் தக்காளித் தோட்டங்களும் சித்தேரி மலையின் ஒற்றையடிப் பாதைகளும் அம்மாவட்ட மக்களின் அன்றாட உலகம். அவ்வுலகில் வாழும் உழவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஐம்பது வயதில், கண் நீர் அழுத்த நோயால் அவருடைய பார்வை சிறுகச் சிறுகக் குறுகி மறைந்துவிடுகிறது. கண்புரையாக இருந்திருந்தால் அறுவை மருத்துவம் பார்வையை மீட்டிருக்கக்கூடும். நீர் அழுத்தத்தால் பட்டுப்போன பார்வை நரம்போ மீண்டும் துளிர்ப்பதில்லை.

‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்னும் சொல்லோடு அவர் வீடு திரும்புகிறார். மறுநாள் முதல் அவருக்குரிய இடம் திண்ணை. மனைவி உணவைக் கையில் எடுத்துக் கொடுக்கிறார். மகன் கைப்பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துச் செல்கிறான். பால் கணக்கை மருமகள் பார்த்துக்கொள்கிறார். எல்லாம் அன்பினால் நிகழ்பவையே. ஆயினும் ஒவ்வொரு பணிவிடையும் அவரிடமிருந்து ஒரு செயலைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிடுகிறது. நோய் பறித்தது பார்வையை. வீட்டின் நடுவே அவருக்கிருந்த இடத்தைப் பறித்தது, அறியாமல் செய்த அன்பு. இந்த இடத்தில்தான் மறுவாழ்வுத் தொண்டு தொடங்குகிறது.

தமிழ் மண்ணில் தொண்டு

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887ஆம் ஆண்டு அமிர்தசரசில் தொடங்கப்பட்டது. அதனையடுத்து 1890இல், திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளி ஒன்றை நிறுவினார். பார்வையற்றோரும் கற்க இயலும் என்னும் நம்பிக்கை, தமிழ்நாட்டில் நிறுவனமாக உருப்பெற்ற தொடக்கம் அது.

தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பைத் தடுக்கும் முயற்சி 1976ஆம் ஆண்டு புது வேகம் பெற்றது. மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சிற்றூர்களுக்கே சென்று முகாம் நடத்திக் கண்புரை நோயாளரைக் கண்டறியும் முறையை அது வளர்த்தெடுத்தது. இன்று சேலத்திலும் அதன் கிளை இயங்குகிறது.

மருத்துவத்தால் பார்வையை மீட்க இயலாதவர்களுக்கு என்ன வழி? இவ்வினாவுக்கு, பார்வையற்றோர் தாமே முன்வந்து விடை தேடினர். பார்வையை இழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985ஆம் ஆண்டு மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவினார். கல்வியும் பயிற்சியும் பெற்றுப் பார்வையற்றோர் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். உதவி பெறுபவராக மட்டுமே கருதப்பட்டவர், உதவும் நிறுவனத்தையே நடத்திக் காட்டினார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

கையும் செவியும் கற்கும் பாடம்

மறுவாழ்வுப் பயிற்சியின் முதற்பாடம் நடை. இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த படைவீரர்களுக்காக, ரிச்சர்டு ஹூவர் என்னும் அமெரிக்கர் நீண்ட வெண்கோலைப் பயன்படுத்தும் முறையை வகுத்தார். கோலின் நுனியைத் தோள் அகலத்திற்கு இடமும் வலமுமாக வீசி நடக்கவேண்டும். வலக்கால் முன்வரும்போது நுனி இடப்புறத்தைத் தொடும். இடக்கால் முன்வரும்போது வலப்புறத்தைத் தொடும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்னரே அறிந்து சொல்லிவிடுகிறது.

அடுத்தது வீடு. பொருள்களை எடுத்த இடத்திலேயே வைத்தல், தட்டினைக் கடிகார முகமாக எண்ணி உணவு வகைகளின் இடத்தை நினைவிற்கொள்ளுதல், குவளை நிறையும்போது மாறும் ஒலியைக் கேட்டு நீரை நிறுத்துதல் ஆகியவை சிறியனவாகத் தோன்றலாம். பிறரை அழைக்காமல் ஒருவர் தாமே நீர் ஊற்றிக் குடிக்கும் நாள், அவருக்குச் சிறிய நாளன்று.

மூன்றாவது பணம். இன்று வழங்கும் புதிய வரிசைப் பணத்தாள்களில் 100 ரூபாய்த்தாளின் நீளம் 142 மில்லிமீட்டர்; 200 ரூபாய்த்தாள் 146; 500 ரூபாய்த்தாள் 150. நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டை விரல்கள் பழகிக்கொள்ளவேண்டும். நூறு ரூபாய்த்தாளில் முக்கோணமும் ஐந்நூறு ரூபாய்த்தாளில் வட்டமும் தடவி அறியுமாறு மேடாக அச்சிடப்பட்டுள்ளன. பணத்தாளைக் கண்டறிந்து மதிப்பைச் சொல்லும் ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலியை இந்திய ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டு வெளியிட்டது. தம் பணத்தைத் தாமே எண்ணுபவரை ஏமாற்றுவது எளிதன்று.

தெரிந்து தெளிவோம்

மூன்று வயதில் கண்ணில் காயமுற்றுப் பின்னர் இரு கண்களிலும் பார்வையிழந்த பிரான்சு நாட்டு லூயி பிரெயில் (1809-1852), தம் 15ஆம் வயதில் ஆறு புள்ளிகளால் அமைந்த எழுத்துமுறையை உருவாக்கினார். ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்களை அமைக்கலாம். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்கப்பட்டது. தமிழின் ‘அ’ அம்முறையில் ஒற்றைப் புள்ளியாகும்.

ஊருக்கே வரும் பயிற்சி

நகரத்துப் பயிற்சி மையத்திற்குச் சென்று மாதக்கணக்கில் தங்குவது மலைச்சிற்றூர் மக்களுக்கு எளிதன்று. எனவே, பயிற்றுநர் பயனாளரின் ஊருக்கே செல்லும் ‘சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு’ என்னும் முறை உருவாயிற்று. இம்முறையில் வகுப்பறை அவருடைய வீடு. பாடநூல் அவருடைய நிலம். நடைமேடை இல்லாத ஊரில் வரப்பின் விளிம்பு வழிகாட்டும். கிணற்று மோட்டாரின் ஓசை திசை சொல்லும். மாட்டுத் தொழுவத்தின் மணம் வீடு நெருங்கியதை உணர்த்தும். பயிற்றுநர் இவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டுவதோடு, குடும்பத்தினருக்கும் ஒரு பாடம் கற்பிக்கிறார். அது, விலகி நிற்கக் கற்றல். அவர் தடுமாறும்போது ஓடிச்சென்று தாங்காமல், தாமே வழி கண்டுகொள்ளச் சற்றுப் பொறுத்திருப்பது பெற்ற தாய்க்கும் கடினமான பாடமே.

பரிவும் உரிமையும்

சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் 2015ஆம் ஆண்டு, முழுமையாகப் பார்வையற்றவருள் முதலாமவராக இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்தார். இத்தகைய அரிய வெற்றிகள் போற்றத்தக்கன. ஆயினும், சாதனை புரிந்தவரை மட்டும் மதிக்கும் சமூகம் பிறரை மீண்டும் திண்ணையில் அமர்த்திவிடும். தம் ஊர்க்கடைக்குத் தனியே சென்று திரும்புவதும் தன்னுரிமையே.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அது அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வையுடையோருக்கும் உரியது. முன்னர் இரக்கத்தால் கிடைத்தவை இன்று கேட்டுப் பெறும் உரிமைகள் ஆகியுள்ளன. சட்டம் திறந்த கதவு வரை நடந்து செல்லும் ஆற்றலைத் தருவது தொண்டு நிறுவனங்களின் பயிற்சி.

நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்தவன் தகடூர் அதியமான். வாழும் நாளைத் தம் விருப்பப்படி வாழும் ஆற்றலை ஒருவருக்கு அளிப்பதும் அதற்கு இணையான ஈகையே. நாம் எண்ணிப் பார்த்த உழவர், ஒருநாள் வெண்கோலுடன் திண்ணையைவிட்டு இறங்கக்கூடும். அப்போது அவருடைய கையைப் பற்றி இழுக்காதீர்கள். ‘உதவி வேண்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டுமென்றால் உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்வார். நீங்கள் அரையடி முன்னே நடந்தால் போதும். வேண்டாமென்றால் வழிவிடுங்கள். அவர் தம் கொல்லையைப் பார்க்கச் செல்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை, ஒலி, மணம், தொடுஉணர்வு ஆகியவற்றை மட்டும் கொண்டு விவரித்து எழுதுக.

2. பார்வை மாற்றுத்திறனாளி தனியே வந்து செல்வதற்கு உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள தடைகளைப் பட்டியலிட்டு, அவற்றை நீக்கக் கோரித் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் வரைக.

3. ‘அன்பும் சில நேரங்களில் தடையாகும்’ என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் கலந்துரையாடுக.