ஆற்காட்டுக்கு முன் ரஞ்சன்குடி

எட்டாம் வகுப்பில் கர்நாடகப் போர்களை ஆண்டு, தளபதி, உடன்படிக்கை என அட்டவணை போட்டே பல ஆண்டுகள் முடித்திருக்கிறேன். "திருச்சியில முற்றுகை நடக்குறப்ப கிளைவ் ஏன் டீச்சர் ஆற்காட்டுக்குப் போனாரு?" என்று செட்டிகுளத்து மாணவி ஒருத்தி கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். அதற்கான விடை எங்கள் மாவட்டத்திலேயே, ரஞ்சன்குடிக் கோட்டையடியில் கிடக்கிறது.

இந்த முறை முடிவைச் சொல்லாமல் பலகையில் ஒரு கோடு மட்டும் போட்டேன். வடக்கே ஆற்காடு, பிறகு வாலிகண்டபுரம், பெரம்பலூர், பாடாலூர், ஊட்டத்தூர், தெற்கே கொள்ளிடம், திருச்சி. 1751-இல் சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையுடன் இவ்வழியே வருகிறார். திருச்சியில் இருப்பவர் முகமது அலி. அவரும் வீழ்ந்தால் ஆங்கிலேயர் தாங்கிப் பிடிக்க வேறு நவாப் இல்லை. "நீங்கள்தான் ஆங்கிலத் தளபதி. எங்கே மறிப்பீர்கள்?" என்றேன்.

"கொள்ளிடக் கரையில" என்றனர் பலர். ஒருவன் மட்டும், "கோட்டைக்காரரு நம்ம பக்கம் வந்தா, ரஞ்சன்குடியிலயே மறிச்சிடலாம்" என்றான்.

தளபதி கிஞ்சன்ஸ் போட்ட கணக்கும் அதுவே. 'வந்தா' என்ற சொல்லில்தான் சிக்கல். கோட்டைத் தலைவர் இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் நாள் கடத்தினார். வெல்லப்போவது யாரென்று தெரியாத சிறு அதிகாரி வேறென்ன செய்வார்? அவரைத் துரோகி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பொறுமையிழந்த ஆங்கிலேயர் கோட்டையை ஒட்டிய பேட்டையைத் தாக்கித் தீயிட்டனர். கற்கோட்டையோ பிடிபடவில்லை. தலைவர் சந்தா சாகிப் தரப்புக்கு ஆளனுப்பிவிட்டார். யாரைத் தம் பக்கம் இழுக்க வந்தார்களோ, அவரைத் தாங்களே எதிரியிடம் தள்ளிவிட்டார்கள். தொடர்ந்த சண்டையில் ஐரோப்பியச் சிப்பாய்களே மிரண்டு ஓட, படை ஊட்டத்தூருக்கும் பின்னர் திருச்சிக்கும் பின்வாங்கியது.

இங்கே நிறுத்தி, நோக்கத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினேன். சாலையை மறிப்பது உடனடி நோக்கம், அது தோற்றது. முகமது அலியைக் காப்பது பெரிய நோக்கம். அது இன்னும் உயிரோடிருந்தது. வாலிகண்டபுரத்தில் உடனிருந்த கிளைவ், அடுத்த சில வாரங்களில் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களுடன் ஆற்காட்டைப் பிடித்தார். அதை மீட்கச் சந்தா சாகிப் தம் மகன் ராசா சாகிபுடன் படையில் ஒரு பகுதியைத் திருச்சியிலிருந்து அனுப்ப வேண்டியதாயிற்று.

"அப்ப, இங்க தடுக்க முடியாததாலதான் அங்க இழுத்தாங்களா?" என்றாள் அதே மாணவி. பத்து ஆண்டுகளாக நான் தந்த குறிப்புகளில் இந்த வரி இல்லை.

வகுப்பு கலையும்போது பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "டீச்சர், பேட்டையில இருந்த சனங்க எங்க போனாங்க?" அடுத்த பாடவேளைக்கான கட்டுரைத் தலைப்பாக அதையே கொடுத்திருக்கிறேன்.