எந்தச் சேவலை விற்பது, எதை வைத்திருப்பது? ஊர்க்கோழியின் குருதியும் நிறையும்

மீள்குடியேறிய பின் வாழ்வாதார உதவியாக உங்களுக்குச் சில பேடுகளும் ஒரு சேவலும் கிடைத்திருக்கலாம். அல்லது உறவினர் வீட்டிலிருந்து ஒரு சோடி கொண்டுவந்திருப்பீர்கள். கோழிகள் பெருகத் தொடங்கியதும் வியாபாரி படலையடிக்கு வருவார். அவர் கை வைப்பது எப்போதும் பெரிய சேவலில்தான். கோயில் நேர்த்திக்கும் விருந்துக்கும் பிடிபடுவதும் அதுவே. பிந்தி வளர்ந்த சேவல் வளவில் மிஞ்சி, அடுத்த குஞ்சுகளுக்கெல்லாம் தகப்பனாகிறது. இப்படி நாலைந்து தலைமுறை போனால், ஊர்க்கோழி இவ்வளவுதான் வளரும் என்று நாமே சொல்லத் தொடங்கிவிடுவோம்.

கோழியின் வளர்ச்சி தீனியால் மட்டும் வருவதில்லை. அதில் ஒரு பங்கு தாய் தகப்பனிடமிருந்து வருகிறது. அந்தப் பங்கைத் தேடித்தான் ஆய்வாளர்கள் கோழியின் குருதியைப் பரிசோதிக்கிறார்கள். சிறகின் உட்புறத்தில் தெரியும் நாளத்திலிருந்து சில துளி எடுத்தாற் போதும், கோழிக்குத் தீங்கில்லை. மனிதரின் செங்குருதிக் கலத்தில் கரு இல்லை. கோழியின் செங்குருதிக் கலத்தில் கரு உண்டு. ஆகவே அந்தச் சில துளியிலேயே அதன் பரம்பரைக் கட்டளைகள், அதாவது டி.என்.ஏ., தாராளமாகக் கிடைத்துவிடும்.

டி.என்.ஏ. பரிசோதனை பரவுவதற்கு முன்னர் குருதியிலுள்ள புரதங்களையே பார்த்தார்கள். குருதியை ஒரு கூழ்ப்படையில் வைத்து மின்சாரம் செலுத்தினால் புரதங்கள் வெவ்வேறு தூரத்துக்கு நகரும். ஒரே வளவில் நிற்கும் இரண்டு பேடுகளில்கூட இந்தக் கோடுகள் வேறுபடலாம். ஊர்க்கோழிகளில் இத்தகைய வேறுபாடு அதிகம். நிறமும் கொண்டையும் பலவிதமாக இருப்பதைப் போலவே உள்ளேயும் பலவிதம். இது குறையல்ல, தெரிவு செய்வதற்கு இருக்கும் முதல் அதுதான். எல்லாம் ஒரே மாதிரியிருந்தால் எதைத் தெரிவு செய்வது?

குருதிக் குறிகளில் நன்கு அறியப்பட்டது "பி" என்னும் குருதி வகை. இது நோயெதிர்ப்போடு தொடர்புடைய பரம்பரையலகுகளைச் சேர்ந்தது என்பது பின்னர் தெரியவந்தது. இதில் 21 என எண்ணிடப்பட்ட வகையைக் கொண்ட கோழிகள், கால் இழுத்து விழுத்தும் மரெக்ஸ் நோயை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன.

வளர்ச்சி இவ்வளவு எளிதல்ல. கழுத்தில் இறகில்லாத கோழியைப் பார்த்திருப்பீர்கள். அந்த இயல்பு ஒரேயொரு பரம்பரையலகால் வருவது. இறகு குறைவதால் உடற்சூடு இலகுவில் வெளியேறும். எங்கள் வெயிலுக்கு அது பொருந்தும் என்பதால், பார்வைக்கு அழகில்லை என்று அதைக் கழித்துவிடாதீர்கள். நிறையோ பல பரம்பரையலகுகள் சேர்ந்து தீர்மானிப்பது. ஒவ்வொன்றும் சிறிதளவே கூட்டும் அல்லது குறைக்கும். ஓர் இனத்தில் நிறையோடு சேர்ந்து தென்பட்ட குருதிக் குறி வேறோர் இனத்தில் பயன்படாமற் போவதும் உண்டு. அதனால்தான் குருதி எடுக்க வருபவர்கள் தராசும் கொண்டுவருகிறார்கள். நிறை தெரியாவிட்டால் குருதியால் மட்டும் வளர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பரிசோதனைக்கூடம் உங்களிடம் இல்லை. தராசு இருக்கலாம், அல்லது சங்கக் கடையில் கேட்டு வாங்கலாம். குஞ்சு பொரித்தவுடன் பெரிதாக இருப்பதைத் தெரிவு செய்ய வேண்டாம். அந்த நேரத்து நிறை பெரும்பாலும் முட்டையின் பருமனைப் பொறுத்தது. 12 கிழமை ஆகும்வரை பொறுங்கள். ஒரே அடையில் பொரித்த சேவல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், ஏனெனில் அவை ஒரே தீனியைத் தின்று ஒரே மழையில் நனைந்தவை. சேவலையும் பேட்டையும் சேர்த்து ஒப்பிடக்கூடாது. சேவல் எப்படியும் கூடுதலாக நிறுக்கும். காலில் நிற நூல் கட்டி, நிறையைக் கலண்டரில் எழுதிவையுங்கள். கோழி வளர வளர நூலைத் தளர்த்த மறக்க வேண்டாம்.

கூடிய நிறையுள்ள இரண்டு சேவல்களை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை விற்கலாம். அவற்றின் தாய் ஒழுங்காக அடைகிடந்து குஞ்சுகளைக் காத்த பேடா என்றும் பாருங்கள். முட்டைக்கென விருத்தி செய்யப்பட்ட இனங்கள் அடைகிடக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. அவற்றோடு கலந்தால் முட்டை கூடும், ஆனால் குஞ்சு பொரிக்க ஆளிருக்காது. பொரிபொறி இல்லாத வீட்டுக்கு அது நட்டந்தான்.

எவ்வளவு நல்ல சேவலானாலும் அதன் மகள்மாரோடு அதை விடாதீர்கள். தகப்பனும் மகளும் சேர்ந்தால் பொரிக்கும் முட்டை குறையும், குஞ்சுகள் நலிவாக வரும். உங்கள் சேவலை அடுத்த ஒழுங்கையில் உள்ளவரின் நல்ல சேவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காசு செலவில்லை. வந்த சேவலை இரண்டு கிழமை புறம்பாக அடைத்து நோய் இருக்கிறதா என்று கவனியுங்கள். இராணிக்கெட் தடுப்பு மருந்தைப் பற்றி அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேட்கலாம்.

பழைய சேவல் போன பிறகும் அதன் விந்து பேட்டின் உடலில் இரண்டு மூன்று கிழமை உயிருடன் இருக்கும். எனவே புதுச் சேவலைப் பேடுகளோடு விட்டு மூன்று கிழமை கழித்து இடும் முட்டைகளையே அடைக்கு வையுங்கள். அதற்கு முந்தியவை வீட்டுப் பிள்ளைகளுக்கு.