கயிறு இழுக்காத புல்வெட்டி: மின்கலக் கருவிகள் பற்றி ஒரு வீட்டுப் பாடம்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு வீட்டைச் சுற்றிக் கொஞ்சமாவது மண் உண்டு. இங்கே மனையை அங்கணக் கணக்கில் அளந்து வாங்குகிறோம். வீடு போக எஞ்சிய இடத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நந்தியாவட்டை, செம்பருத்தி, ஓரமாக ஓர் எலுமிச்சை. மழை பெய்து பத்து நாளில் முழங்காலளவு புல் வந்துவிடும். அதைச் சீர்செய்ய முன்பு அரிவாளும் களைக்கொட்டும் போதும் என்றிருந்தோம். பிறகு பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டர் வந்தது. இப்போது கடைகளில் மின்கலத்தில் ஓடும் புல்வெட்டி, வேலி கத்தரிக்கும் கருவி, கவாத்துக் கத்தரி, மருந்துத் தெளிப்பான், சிறிய மோட்டார் ரம்பம் எல்லாமே கிடைக்கின்றன. பழையதை விட்டுப் புதியதற்கு மாறலாமா? மாறினால் எதைப் பார்த்து வாங்குவது? வாங்கினால் எப்படிப் பாதுகாப்பது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ அறிவியல் படிக்கிறார்கள். மின்னழுத்தம், மின்னோட்டம், ஆற்றல் என்ற சொற்களை அவர்கள் வீட்டில்தான் தமிழில் கேட்க முடியும். ஆகவே பெற்றோர் இதைப் படித்துக் காட்டி, கடைசியில் உள்ள கணக்குகளைப் பிள்ளைகளைக் கொண்டு போடச் சொல்ல வேண்டுகிறோம்.

பெட்ரோல் கருவியில் என்ன குறை?

தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் கருவிகளில் பல டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தவை. பெட்ரோலோடு எண்ணெயையும் அளந்து கலந்து ஊற்ற வேண்டும். இந்த இயந்திரத்தில் எரிந்த புகை வெளியேறும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதனால் ஏறக்குறைய கால் பங்கோ அதற்கு மேலுமோ எரியாமலேயே புகையோடு வெளியே போய்விடுகிறது. காசு விரயம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் புகைக்கு மிக அருகில் நிற்பவர் கருவியைப் பிடித்திருப்பவர்தான். நம் வீட்டில் அது பெரும்பாலும் கூலிக்கு வரும் தோட்டக்காரர். நமக்கு அரை மணி நேர வேலை. அவருக்கோ அது நாள் முழுவதும், ஆண்டு முழுவதும்.

இந்தச் சிறிய இயந்திரங்களின் புகை எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில காற்று வள வாரியம் ஒரு கணக்குச் சொன்னது. பெட்ரோலில் ஓடும் இலை ஊதும் கருவியை ஒரு மணி நேரம் இயக்கினால், அது வெளியிடும் புகைமூட்ட மாசு, 2016ஆம் ஆண்டு மாதிரி டொயோட்டா கேம்ரி காரை 1,100 மைல், அதாவது சுமார் 1,770 கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சமமாம். அதனால்தான் அம்மாநிலம் 2021 அக்டோபரில் சட்டம் இயற்றி, 2024ஆம் ஆண்டு முதல் இத்தகைய பெரும்பாலான கருவிகளுக்குப் புகையற்ற நிலையைக் கட்டாயமாக்க வழி செய்தது. அது புதிதாக விற்பனைக்கு வருபவற்றுக்கான விதி. முன்பே வாங்கியதை வைத்திருக்கத் தடையில்லை.

அடுத்தது ஓசை. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபெல். பெட்ரோல் பிரஷ் கட்டரைப் பிடித்திருப்பவரின் காதருகே ஓசை 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். 3 டெசிபெல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது என்பதை நினைவிற் கொள்க. மின்கலக் கருவியும் ஊமையல்ல. ஆனால் ஓசை கணிசமாகக் குறையும். கருவியை நிறுத்தியவுடன் ஓசையும் அடியோடு நிற்கும்.

மின்கலம் எப்படி வேலை செய்கிறது?

தோட்டக் கருவிகளில் இருவகை மின்கலங்களைக் காண்கிறோம்.

முதல் வகை ஈய-அமில மின்கலம். 1859இல் பிரான்ஸ் நாட்டவரான காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தது. ஈயத் தகடு ஒன்று, ஈய டை ஆக்சைடு பூசிய தகடு ஒன்று, இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் தரும்போது இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. சார்ஜ் ஏற்றும்போது பழைய நிலைக்குத் திரும்புகின்றன. தீர்ந்துபோன நிலையில் வாரக்கணக்கில் போட்டு வைத்தால் அந்த சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. நம் ஊர் விவசாயிகள் முதுகில் மாட்டும் 16 லிட்டர் தெளிப்பான்களில் பலவற்றின் அடியில் இருப்பது இந்த வகைதான்.

இரண்டாவது வகை லித்தியம் அயனி மின்கலம். இதில் லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதும் வருவதுமாக இருக்கும். 1991இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழி வகுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே எடைக்கு ஈய மின்கலத்தைவிடப் பல மடங்கு ஆற்றலைத் தாங்குவதால்தான், கையில் தூக்கும் கருவிகள் சாத்தியமாயின.

நம் ஊரும் மின்கலமும்

இந்தப் பாடத்தைப் படிக்க நம் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் இயங்கும் அமர ராஜா நிறுவனத்தை 1985இல் தொடங்கியவர் கல்லா ராமச்சந்திர நாயுடு. சித்தூர் மாவட்டத்துக்காரரான அவர், அமெரிக்காவில் பணியாற்றிவிட்டுத் திரும்பி வந்து இதைத் தொடங்கினார். வண்டிகளில் நாம் காணும் அமரான் மின்கலம் இந்நிறுவனத்துடையதே. சித்தூர் அருகே நூனெகுண்டலபள்ளியிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. லித்தியம் வகையிலும் நம் ஊருக்கு இடம் உண்டு. சென்னையைச் சேர்ந்த முனோத் இண்டஸ்ட்ரீஸ் திருப்பதியில் அமைத்த லித்தியம் மின்கல ஆலையின் முன்னோட்ட உற்பத்தியை 2022 செப்டம்பர் 16 அன்று மத்திய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் தொடங்கி வைத்தார். நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி கலங்கள் 20,000 என்பது அப்போது அறிவிக்கப்பட்ட திறன்.

தொழிலோடு கவலையும் வருகிறது. 2021 ஏப்ரல் 30 அன்று ஆந்திர மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமர ராஜாவின் இரு இடத்துத் தொழிற்சாலைகளையும் மூட ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் மே மாதமே அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. அந்த வழக்கின் நியாயத்தைப் பேசுவது நம் வேலையல்ல. புகையில்லாத கருவி என்று நாம் வாங்கும் பொருளுக்குள் ஈயமும் அமிலமும் இருக்கின்றன, அவற்றை எங்கே செய்தாலும் எங்கே உடைத்தாலும் கவனம் வேண்டும் என்பதே நமக்கான பாடம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய எண்கள்

மின்கலத்தின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட், அதாவது மின்னழுத்தம். மற்றொன்று ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு. தொட்டியில் நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பது மின்னழுத்தம் போன்றது; தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது கொள்ளளவு போன்றது. இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். அதுதான் உண்மையான ஆற்றல்.

18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 18 × 4 = 72 வாட்-மணி. 250 வாட் இழுக்கும் சிறிய புல்வெட்டி இதில் சுமார் 17 நிமிடம் ஓடும். சிறு வீட்டுத் தோட்டத்துக்கு இப்படி இரண்டு மின்கலம் இருந்தால் போதும். ஆனால் பெரிய பிரஷ் கட்டர் போல 1,000 வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் உழைக்க வேண்டுமானால் இதே மின்கலம் 14 தேவைப்படும். எனவே ஏக்கர் கணக்கில் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் புல் அறுக்கும் வேலைக்கு அவசரப்பட்டு மாற வேண்டாம். அவர்களுக்கும் தெளிப்பானும் கவாத்துக் கத்தரியும் மட்டும் மின்கலத்தில் இருந்தால் கை வலி குறையும்.

ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்றும் மற்றொன்றில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். இரண்டிலும் ஐந்து கலங்கள்தான் வரிசையாக இருக்கும். ஒரு கலத்தின் வழக்கமான அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதும் ஏற்றிய உடனே அது 20ஐத் தாண்டும். ஒரே பொருளை இரு விதமாக எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு முக்கியச் செய்தி: ஒரு கம்பெனியின் மின்கலம் பெரும்பாலும் வேறு கம்பெனிக் கருவியில் பொருந்தாது. ஆகவே முதலில் வாங்கும் மின்கலமே நீங்கள் அடுத்து எதை வாங்குவீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். மூன்று நான்கு கருவிகள் உள்ள வரிசையாகவும், பழுது பார்க்கும் இடம் ஊரிலேயே உள்ளதாகவும் பார்த்து வாங்குக. முதலில் மின்கலமும் சார்ஜரும் சேர்ந்த ஒரு கருவி. பிறகு மின்கலமில்லாத வெறும் கருவி மட்டும் வாங்கினால் செலவு குறையும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள நாலு வீட்டார் ஒரே வகையைத் தேர்ந்து ஆளுக்கொரு கருவி வாங்கினால், மின்கலத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பாதுகாப்பு விதிகள்

1. வெயில் மின்கலத்துக்குப் பகை. நம் ஊர் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. மொட்டை மாடி அறை, நிறுத்திய கார், தகரக் கொட்டகை இவற்றில் மின்கலத்தை வைக்காதீர்கள்.

2. வேலை முடிந்ததும் மின்கலம் சூடாக இருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு, பிறகு சார்ஜ் போடுங்கள். கோடையில் காலை வேளையே நல்லது.

3. படுக்கையறையிலும் வாசற்படி வழியிலும் சார்ஜ் போடாதீர்கள். 2022 ஏப்ரலில் விஜயவாடாவில் வீட்டுக்குள் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் மின்கலம் வெடித்து ஒருவர் உயிரிழந்தார். தோட்டக் கருவியின் மின்கலம் சிறியதுதான். ஆனாலும் வகை அதே லித்தியம். எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில், தரையின் மேல், துணியும் காகிதமும் இல்லாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். அந்தக் கருவிக்கு உரிய சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள்.

4. உப்பிய, கீழே விழுந்து விரிந்த, நனைந்த மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

5. பல மாதம் வேலை இல்லையென்றால் லித்தியம் மின்கலத்தைப் பாதி சார்ஜில் வையுங்கள். ஈய மின்கலத்துக்கு நேர்மாறு: முழுதும் ஏற்றி வைத்து, மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றுங்கள்.

6. கத்தியைத் தொடுமுன் மின்கலத்தைக் கழற்றுங்கள். பெட்ரோல் கருவிக்குக் கயிறு இழுத்தால்தான் உயிர் வரும். இதற்கு ஒரு பொத்தான் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் கருவி ஓரிடம், மின்கலம் வேறிடம் என்று வைப்பது நல்லது. கல் தெறிப்பது எந்தக் கருவியிலும் உண்டு. கண்ணாடியும் காலணியும் தோட்டக்காரருக்கும் கொடுங்கள்.

ஆயுள் முடிந்த பின்

இதுவே நாம் அதிகம் மறக்கும் பகுதி. பழைய ஈய மின்கலத்துக்குக் காயலான் கடையில் நல்ல விலை உண்டு. அங்கிருந்து அது எங்கே போகிறது? பதிவு பெற்ற ஆலைக்குப் போனால் நல்லது. எங்கோ ஒரு கொல்லைப்புறத்தில் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தை அடுப்பில் உருக்கினால், அந்தத் தூசி அங்கே விளையாடும் குழந்தையின் உடலில் சேரும். உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது 80 கோடிக் குழந்தைகள் வரை, இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. முறையற்ற மின்கல மறுசுழற்சியை அது முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்ற அளவு என்று ஒன்று கிடையாது.

2022 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்துள்ளன. ஆகவே புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். சில ரூபாய் குறைந்தாலும் அங்கேயே கொடுங்கள். லித்தியம் மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் போடவே கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கணக்கு

1. 36 வோல்ட், 2 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று. எதில் ஆற்றல் அதிகம்?

2. தெளிப்பானில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய மின்கலம் உள்ளது. பம்பு 3 ஆம்பியர் இழுக்கிறது. மின்கலம் நீடித்து உழைக்க, பாதி தீர்ந்ததும் நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம் தெளிக்கலாம்?

3. அதே மின்கலத்தை வெறுமையிலிருந்து நிரப்ப, இழப்பையும் சேர்த்து 120 வாட்-மணி தேவை. ஒரு யூனிட் மின்சாரத்தில், அதாவது 1,000 வாட்-மணியில், எத்தனை முறை முழுதாக நிரப்பலாம்?

விடைகள்: 1. இரண்டும் சமம், 72 வாட்-மணி. 2. ஒரு மணி 20 நிமிடம். 3. எட்டு முறை, மீதி 40 வாட்-மணி.