திரையே ஆசிரியர்

சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய ‘அருணாசல புராண’த்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திருவண்ணாமலையில் பலரும் சொல்வதுபோல் ‘அருணாச்சல’ என்று தட்டினால் என்ன ஆகும்? நமக்கு இரண்டும் ஒரே மலைதான். கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு எண்வரிசைகள். யூனிகோடு முறையில் ‘ச’ எழுத்துக்கு ஓர் எண். மேலே வைக்கும் புள்ளிக்கு மற்றோர் எண். ஒரு ‘ச்’ கூடினால் இரண்டு எண்கள் கூடிவிடும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடுமுறையாக இருந்தால், நூல் இருந்தும் இல்லை என்றே விடை வரும்!

நூலகர் அருகில் இருந்தால் ஒற்றை நீக்கித் தேடிக் காட்டுவார். ஆனால் அதே ஐயத்துடன் அடுத்தவர் வருவார். அவருக்குப் பின் இன்னொருவர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. நூலகரின் நேரமும் சேமிக்கத் தக்கதுதானே?

இதற்கு உதவுவது திரைப்பதிவு. நூலகர் தேடிக் காட்டுவதை அவர் குரலுடன் வீடியோவாக்கி வைத்துக்கொள்வதுதான் அது. பல கைப்பேசிகளிலேயே இவ்வசதி உண்டு. கேமரா வேண்டியதில்லை, திரையில் தோன்றும் படத்தைக் கருவி உள்ளுக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். அகலவாக்கில் 1,920, உயரவாக்கில் 1,080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட். நொடிக்கு 30 படங்கள் எனில், ஒரே நிமிடத்தில் 1,100 கோடி பைட்டைத் தாண்டிவிடும். கைப்பேசி இதை எப்படித் தாங்குகிறது?

கிரிவலப் பாதையை ஓர் ஓவியர் நொடிதோறும் வரைவதாக எண்ணிக்கொள்ளுங்கள். மலை அசைவதில்லை, நடப்பவர்களே நகர்கிறார்கள். மலையை ஒருமுறை வரைந்துவிட்டு, நடப்பவர்களை மட்டும் மாற்றி வரைந்தால் போதுமல்லவா? வீடியோச் சுருக்க முறையும் பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளையே குறித்துக்கொள்கிறது. நூல்பட்டியலைக் காட்டும் திரையில் அம்புக்குறியும் சில எழுத்துகளுமே மாறுகின்றன. அசையாத திரையை ஒரு நிமிடமும், ஓடும் திரைப்படத்தை ஒரு நிமிடமும் பதிந்து, கோப்புகளின் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்களே உங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒரு பதிவு செய்யலாம். தொடங்குமுன் கைப்பேசிக்குச் செய்திகள் வராமல் நிறுத்திவிடுங்கள். இல்லையேல் யாரோ அனுப்பிய கடவுஎண்ணும் பாடத்தில் சேர்ந்துவிடும். ஒரு பதிவில் ஒரு வேலையை மட்டும் காட்டுங்கள். இரண்டு நிமிடம் போதும். முதலில் தவறான எழுத்தைத் தட்டி, நூல் கிடைக்காமல் போவதையும் காட்டுங்கள். பலர் இதை வெட்டிவிடுகிறார்கள். வாசகர் தடுமாறும் இடமே அதுதான். முடித்தபின், இதுவரை மின்னூலகத்தில் தேடியறியாத ஒருவரிடம் கொடுங்கள். வாய் திறவாமல் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்தப் பகுதியை மறுபடி பதிவு செய்யுங்கள்.