முதல் படம் எது? ஒரு வகுப்பறை வாக்கெடுப்பு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் உள்ள பள்ளிக்குத் தினமும் பேருந்தில் சென்று கணக்குப் பாடம் எடுக்கிறேன். டிசம்பர் வந்தால் ஆண்டின் சிறந்த படங்கள் என்று விமர்சகர்களின் பட்டியல்கள் வெளிவரும். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2024இல் நடத்திய வாக்கெடுப்பில் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' முதலிடம் பெற்றது. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான், எட்டாம் வகுப்பில் தகவல் செயலாக்கத்துக்கு இதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது.

அவ்வாண்டு பள்ளியில் நான்கு படங்கள் திரையிட்டிருந்தோம்: சாப்ளினின் 'தி கிட்', மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', மணிகண்டனின் 'காக்கா முட்டை', 34 நிமிடமே ஓடும் 'தி ரெட் பலூன்'. வகுப்பில் 30 பேர். பிடித்த மூன்றை வரிசைப்படுத்தி, ஒரு வரிக் காரணத்துடன் துண்டுத்தாளில் எழுதச் சொன்னேன். பேசவிட்டு எழுதச் சொன்னால் கடைசி பெஞ்சின் குரலே பட்டியலாகிவிடும். எழுதிய பிறகே பேச்சு.

முதலிடம் தந்தவர்களை மட்டும் எண்ணினோம். காக்கா முட்டை 13, சில்ட்ரன் ஆஃப் ஹெவன் 9, கிட் 5, பலூன் 3. கைதட்டல். அடுத்து 3, 2, 1 என மதிப்பெண் போட்டோம். சில்ட்ரன் ஆஃப் ஹெவன் 63, காக்கா முட்டை 49, கிட் 41, பலூன் 27. "சார், ஏமாத்துறீங்க" என்றான் ஒருவன். தாள்களை அவனிடமே கொடுத்தேன். இரண்டு முறை கூட்டிப் பார்த்தான். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் போர்டா முன்வைத்த முறை இது என்றேன். அவனுக்கு அதில் அக்கறை இல்லை.

எப்படி எண்ணினாலும் பலூன்தான் கடைசி. அதை நான் கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டேன். அப்போது, வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு மாணவி எழுந்தாள். "நாங்க அதப் பாக்கவே இல்லையே சார்."

பலூன் போட்ட அன்று நல்ல மழை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்: ஒன்பது பேர் வரவில்லை. அதை யோசிக்காதது என் தவறு. பார்த்தவர்கள் 21 பேர். அவர்களில் 18 பேர் பலூனைத் தம் மூன்றில் ஒன்றாக எழுதியிருந்தார்கள், அதாவது 86 விழுக்காடு. மற்றப் படங்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள். சில்ட்ரன் ஆஃப் ஹெவன் 29 பேர் (97), கிட் 23 பேர் (77), காக்கா முட்டை 20 பேர் (67). முதலில் கைதட்டல் வாங்கிய படம் இப்போது கடைசியில்! விழுக்காட்டை இவ்வளவு ஆர்வமாக அந்த வகுப்பு அதற்குமுன் போட்டதில்லை.

விமர்சகர் வாக்கெடுப்பிலும் இதே சிக்கல்தான். சிறிய படம் பலர் கண்ணில் படாமலே போகும். வாக்களிப்பவர் மாறினாலும் முடிவு மாறும். சைட் அண்ட் சவுண்ட் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் பெரிய வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' முதலிடம். 2012இல் 846 பேர் வாக்களித்து 'வெர்டிகோ' வந்தது. 2022இல் வாக்காளர் 1,639 பேர். 'ஷான் டீல்மன்' முதலிடம் பெற்றது.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் தாளில் 'பார்க்கவில்லை' என்று ஒரு கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகங்களை வைத்தும் செய்யலாம்.

அந்த வாரமே ஒன்பது பேருக்கும் கணினி ஆய்வகத்தில் பலூனைப் போட்டுக் காட்டினோம். கேள்வி கேட்ட மாணவி பார்த்துவிட்டுத் தன் பழைய மூன்றையே வைத்துக்கொண்டாள்.