இரண்டு இயந்திரங்கள் இருந்தும்

சரவாக்கின் மீரி நகரிலிருந்து பாரியோ மலைப்பகுதிக்குச் செல்லும் 'டுவின் ஓட்டர்' விமானத்தில் 19 பயணிகள்தாம் அமர முடியும். சன்னலோரம் இடம் கிடைத்தால், இறக்கையில் உந்துவிசிறி சுழல்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம். அந்தப் பக்கம் ஓர் இயந்திரம், இந்தப் பக்கம் ஓர் இயந்திரம். ஒன்று நின்றாலும் மற்றொன்று இருக்கிறதே என்று மனம் ஆறுதல் அடையும். அந்த ஆறுதலில் நியாயம் உண்டு. ஆனால், நான்கு அல்லது ஆறு பேர் மட்டுமே அமரக்கூடிய இன்னும் சிறிய விமானங்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

இரண்டு இயந்திரங்கள் இருந்தால் ஆபத்து பாதியாகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில், ஏதாவது ஓர் இயந்திரம் பழுதாவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. பழுதாகக்கூடியவை இரண்டு அல்லவா? ஆகவே, ஒன்று நின்ற பிறகு மற்றொன்றால் என்ன செய்ய முடியும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரு குடும்பத்தில் தாயும் தந்தையும் தலா 3,000 ரிங்கிட் சம்பாதிக்கிறார்கள். மாதச் செலவு 2,500 ரிங்கிட்; மீதம் 3,500 ரிங்கிட். ஒருவர் வேலையை இழக்கிறார். வருமானம் பாதியாகத்தான் குறைந்தது. ஆனால், மீதமோ 500 ரிங்கிட்; முன்பு இருந்ததில் ஏழில் ஒரு பங்கு! விமானத்தின் கணக்கும் இதுதான். இயந்திர ஆற்றலில் ஒரு பகுதி, உயரம் குறையாமல் பறப்பதற்கே செலவாகிவிடும். மேலே ஏறுவதற்குக் கிடைப்பது மீதமுள்ள ஆற்றல் மட்டுமே. அதனால், சிறிய விமானத்தில் ஓர் இயந்திரம் நின்றால் மேலேறும் திறனில் 80 விழுக்காடோ அதற்கும் அதிகமாகவோ போய்விடுகிறது. வெப்பமான நாளில் முழுச் சுமையுடன் பறந்தால் எஞ்சியதும் இல்லாமல் போகலாம். இத்தகைய சிறிய விமானங்கள் ஓர் இயந்திரத்தைக் கொண்டு மேலேறியே ஆக வேண்டும் என்று அமெரிக்காவின் விதிகள்கூடப் பல ஆண்டுகள் கட்டாயப்படுத்தவில்லை. எவ்வளவு ஏறும், அல்லது எவ்வளவு இறங்கும், என்பதை அளந்து காட்டினால் போதும் என்றிருந்தது.

ஆற்றல் குறைவதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. இருவர் ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போடும் படகில் ஒருவர் நிறுத்திவிட்டால், படகு அவர் பக்கமாகத் திரும்பும். விமானமும் நின்றுபோன இயந்திரத்தின் பக்கமாகத் திரும்பும். அதோடு, அந்தப் பக்கத்து இறக்கை தாழவும் தொடங்கும். விமானி எதிர்ப்பக்கத்து மிதியைக் காலால் அழுத்தி, வாலில் உள்ள சுக்கானைத் திருப்பி அதைச் சமாளிக்க வேண்டும். ஆனால், சுக்கான் வேலை செய்யப் போதிய வேகத்தில் காற்று அதன்மீது பாய வேண்டும். விமானத்தின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால், மிதியை முழுவதும் அழுத்தினாலும் பயன் இராது, விமானம் கவிழ்ந்துவிடும். அந்த வேகத்தை வேகமானியில் ஒரு சிவப்புக் கோடு காட்டுகிறது. ஓர் இயந்திரத்துடன் மேலேறுவதற்கு மிகப் பொருத்தமான வேகத்தை நீலக் கோடு காட்டுகிறது.

தரைக்கு அருகில், வேகம் சிவப்புக் கோட்டை நெருங்கும் வேளையில் விமானி செய்ய வேண்டியது விந்தையானது. நன்றாக ஓடும் இயந்திரத்தின் விசையைக் குறைக்க வேண்டும். விமானத்தின் மூக்கைக் கீழே இறக்க வேண்டும். கீழே மரங்களும் வீடுகளும் தெரியும்போது எந்த மனிதனின் கையும் அதற்கு எதிராகத்தான் செயல்படத் துடிக்கும்.

நின்றுபோன இயந்திரத்தின் உந்துவிசிறி, எதிர்க்காற்றில் சும்மா சுழன்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே, அதன் தகடுகளைக் காற்றுக்கு விளிம்பு மட்டும் காட்டும்படி திருப்பி நிறுத்த வேண்டும். அதற்கு முன், நின்றது எது என்று உறுதிசெய்ய வேண்டும். விமானத்தை நேராக வைத்திருக்க எந்தக் கால் அழுத்துகிறது என்று விமானி கவனிப்பார். வேலையின்றி இருக்கும் காலின் பக்கத்து இயந்திரமே நின்றுபோனது. பிறகு அந்த இயந்திரத்தின் விசைக்கோலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பார். எந்த மாற்றமும் தெரியாவிட்டால் முடிவு சரி. இந்தச் சோதனைக்குச் சில விநாடிகளே பிடிக்கும்.

அந்தச் சில விநாடிகளின் மதிப்பைக் காட்டும் விபத்து, மேலே சொன்னவற்றைவிடப் பெரிய விமானம் ஒன்றில் நிகழ்ந்தது. 2015 பிப்ரவரி 4ஆம் நாள், தைவானின் தைப்பே நகரிலிருந்து 58 பேருடன் டிரான்ஸ்ஏஷியா நிறுவனத்தின் 'ஏடிஆர் 72' விமானம் புறப்பட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வலப்பக்க உந்துவிசிறியின் தகடுகள் கருவிக் கோளாற்றினால் தாமாகவே திரும்பிக்கொண்டன. எச்சரிக்கை ஒலி எழுந்தது. விமானத்தை ஓட்டியவரோ இடப்பக்க இயந்திரத்தின் விசையைக் குறைக்கத் தொடங்கினார். சற்றுப் பொறுத்துச் சரிபார்க்கும்படி சக விமானி கூறியும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த இயந்திரம் பின்னர் நிறுத்தப்பட்டது. தவறு தெரியவந்து அதை மீண்டும் இயக்கியபோது உயரம் போதவில்லை. விமானம் மேம்பாலத்தில் உரசி, கீலுங் ஆற்றில் விழுந்தது. 43 பேர் உயிரிழந்தனர். நின்ற இயந்திரம் எது என்று முறைப்படி கண்டறியாமலேயே செயல்பட்டது விசாரணையில் தெரியவந்தது.

ஓர் இயந்திரம் மட்டுமே உள்ள விமானத்தில் இந்தக் குழப்பத்திற்கு இடமில்லை. இயந்திரம் நின்றால் மூக்கைத் தாழ்த்தி, எதிரில் தெரியும் வயலிலோ திடலிலோ இறங்க வேண்டும். வேறு வழி கிடையாது. இரண்டு இருந்தால், எப்படியாவது மேலே ஏறிவிடலாம் என்ற ஆசை வரும். "இரண்டாவது இயந்திரம் எதற்கு? விபத்து நடக்கும் இடத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கத்தான்" என்று விமானிகளிடையே ஒரு கசப்பான வேடிக்கைப் பேச்சு உண்டு. அதைச் சற்று மிகையென்றே கொள்ளலாம். நடுவானில், போதிய உயரமும் வேகமும் இருக்கும்போது, அந்த இரண்டாவது இயந்திரம் பக்கத்து விமான நிலையம்வரை பத்திரமாகக் கொண்டு செல்லும். கடலையும் காட்டையும் கடக்கும் பயணங்களில் அதன் அருமை தெரியும். புறப்பட்ட முதல் ஓரிரு நிமிடங்களில்தான் கணக்கு மாறுகிறது.

எனவே, தேர்ந்த விமானிகள் ஓடுபாதையில் நகரும் முன்பே தங்கள் முடிவுகளை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். மேலெழும் முன் இயந்திரம் நின்றால், இரண்டு விசைக்கோல்களையும் இழுத்து நிறுத்த வேண்டும். எழுந்த பிறகும் முன்னால் ஓடுபாதை மீதமிருந்தால், அதிலேயே இறங்க வேண்டும். நீலக் கோட்டு வேகத்தை அடைந்திருந்தால் மட்டுமே மேலேறுவது பற்றிச் சிந்திக்க வேண்டும்.

பயிற்சியின்போது, ஆசிரியர் விசைக்கோல்களை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, மாணவருக்குத் தெரியாமல் ஒன்றைப் பின்னுக்கு இழுப்பார். எது நின்றது என்பதை மாணவர் தம் கால்களைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். இதைப் பாதுகாப்பான உயரத்தில் மட்டுமே செய்வார்கள். தரைக்கு அருகே நேரும் கோளாறுகளுக்குச் சிமுலேட்டர் கருவிகள் இருக்கின்றன. உண்மையான விமானத்தில், தாழ்ந்த உயரத்தில் இதைப் பழகப் போய், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே உயிரிழந்த விபத்துகள் உண்டு.