பிள்ளையின் மனம் நோயுறும்போது

தங்காக் வட்டாரத் தோட்டமொன்றில் பெற்றோர் கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், ஒரு தாய் மட்டும் தயங்கி நின்றார். அவருடைய மகளுக்கு வயது பதினான்கு. மருத்துவமனையில் சில நாள்கள் தங்கி மனநலச் சிகிச்சை பெற வேண்டுமென்று மருத்துவர் கூறிவிட்டாராம்.

“பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நான் எப்படி ஐயா வீடு திரும்புவேன்? நாளைக்கு லயத்தில் என்ன பேசுவார்கள்?” என்று அவர் கேட்டார்.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. இது நோயா, பிடிவாதமா?

நானும் ஒரு காலத்தில் ஆசிரியனாகப் பணியாற்றியவன். வகுப்பில் வாய் திறவாமல், எழுதுகோலைத் தொடாமல் அமர்ந்திருந்த ஒரு மாணவனைத் திமிர் பிடித்தவன் என்று எண்ணி வெயிலில் நிறுத்தினேன். அவன் பல இரவுகள் உறங்காதவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்த வெயில் இன்றும் என்னைச் சுடுகிறது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, இடைநிலைப்பள்ளி மாணவருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார். எனவே இது ஒரு குடும்பத்தின் குறையன்று. எவர் வீட்டுக்கும் வரக்கூடிய நோயாகும்.

உறக்கமும் உணவும் குறைதல், விளையாட்டில் நாட்டமின்மை, காரணமற்ற அச்சம், பிறர் காதில் விழாத குரல்கள் கேட்பதாகக் கூறுதல், தன் உடலைத் தானே காயப்படுத்துதல், சாவைப் பற்றிப் பேசுதல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். கோயிலில் வேண்டிக்கொள்வது மனத்துக்கு ஆறுதல் தரும்; அதனைத் தடுப்பார் இல்லை. ஆனால் பூசாரியிடமும் பொமோவிடமும் அலைந்து மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது பிள்ளைக்கு ஆபத்தாக முடியும்.

2. மருத்துவமனையில் தங்குவது எதற்கு?

மனநோய் கண்ட பிள்ளைகளுள் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறலாம். உயிருக்கு ஆபத்து நேரும் நிலை, உணவை அறவே மறுத்தல், உண்மை எது கற்பனை எது என்று பிரித்தறிய முடியாத நிலை, புதிய மருந்தின் விளைவை அருகிருந்து கவனிக்க வேண்டிய தேவை ஆகியவை இருப்பின், மருத்துவர் தங்குமாறு கூறுவார்.

வார்டில் மனநல மருத்துவர், தாதியர், உளவியலாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூக நலப் பணியாளர் ஆகியோர் ஒரு குழுவாகச் செயற்படுவர். உறங்கவும் எழவும், உண்ணவும், பேசவும், கைவேலை செய்யவும் நேரம் வகுக்கப்படும். சிதறிக்கிடக்கும் மனத்துக்கு இந்த ஒழுங்கே ஒரு மருந்தாகும்.

நம் மாநிலத்தின் தம்போய் மனநல மருத்துவமனை 1937இல் திறக்கப்பட்டது. இன்று அது பெர்மாய் மருத்துவமனை எனப்படுகிறது. “தம்போய்க்குப் போனவன்” என்று பிறரைக் கேலி செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, தனக்கு நோய் வரும்போது வாய் திறக்குமா? சிந்தித்துப் பாருங்கள்.

3. தாய் உடனிருக்கலாமா?

1950களில் பஞ்சாப் மாநிலத்து அமிர்தசரஸ் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரைக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்தார். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் நிறுவிய மனநல நிலையத்திலும் குடும்பத்தார் நோயாளியுடன் தங்குவது வழக்கமாயிற்று. அங்குக் குழந்தைகளுக்கென அமைந்த பிரிவின் பெயர் ‘நம்பிக்கை நிலையம்’. பிள்ளையை எவ்வாறு பழக்குவது, எவ்வாறு பேசுவது என்பதைப் பெற்றோரும் அங்கே கற்றுக்கொள்கின்றனர். தாயும் தந்தையும் வெறும் பார்வையாளரல்லர். அவர்களும் சிகிச்சைக் குழுவினரே என்பது அங்குள்ள கொள்கை.

எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே விதி இல்லை. ஆதலால் சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள்: “நான் உடன் தங்கலாமா? எந்நேரம் பார்க்க வரலாம்? தொலைபேசியில் யாரிடம் பேசலாம்?” இவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. 2010இல் நடைமுறைக்கு வந்த 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, வயது வராத பிள்ளையைத் தன்விருப்ப நோயாளியாகச் சேர்ப்பதற்குப் பாதுகாவலரே கோரிக்கை விடுக்கலாம்.

4. வழி எது?

முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதார நிலையத்தையோ தங்காக் மருத்துவமனையையோ நாடுங்கள். தேவையானால், மனநலப் பிரிவுள்ள மூவார் சுல்தானா பாத்திமா நிபுணத்துவ மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரும் உதவுவார். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ‘ஹீல்’ சேவையின் தொலைபேசி எண் 15555. உயிருக்கு ஆபத்தெனில் உடனே 999ஐ அழையுங்கள்.

5. வீடு திரும்பிய பின்

மருந்தைப் பெரியவர் ஒருவரே எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளை தெளிவடைந்துவிட்டதென்று மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. பாராகுவாட் புல்மருந்து 2020 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் பிற பூச்சிமருந்துகளும் புல்மருந்துகளும் நஞ்சே. அவற்றை வீட்டில் வைக்காதீர்கள். வைக்க நேர்ந்தால் பூட்டி வையுங்கள். தம்பி தங்கையருக்கு உண்மையை எளிய சொற்களில் கூறுங்கள். பள்ளிக்குத் திரும்புவதைத் தலைமையாசிரியருடன் கலந்து, படிப்படியாகச் செய்யுங்கள். பகலெல்லாம் அருகிருக்கும் தாய்க்கும் ஓய்வு வேண்டும். தந்தையும் பாட்டியும் முறைவைத்துத் துணைபுரிய வேண்டும்.

அந்தத் தாயிடம் நான் கூறியது இதுதான்: “அம்மா, பிள்ளைக்கு கால் முறிந்தால் மருத்துவமனையில் விடத் தயங்குவீர்களா? லயத்தார் என்ன பேசுவார்கள் என்பதை விட, உங்கள் மகள் உங்களிடம் பேசுவாளா என்பதே முக்கியம்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருத்துவர் தந்த கடிதத்தை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

குடும்பத்தார் கூடிச் சிந்திக்க:

அ. சென்ற வாரம் நம் பிள்ளை எத்தனை இரவுகள் நன்கு உறங்கியது?

ஆ. மனநோயாளரைக் குறித்து நம் வீட்டில் வழங்கும் சொற்கள் யாவை? அவற்றுள் எவற்றை இன்றே விலக்கலாம்?

இ. அண்டை வீட்டுப் பிள்ளை மருத்துவமனையிலிருந்து திரும்பினால், நாம் செய்யக்கூடிய முதல் உதவி என்ன?